மைனர்: ஒரு சொல்லும் அதன் வயதும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்வதும், தமிழில் வரும் பதிலை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வதும் என் பிழைப்பு. பெரிய பெரிய சட்டச் சொற்கள் என்னை அவ்வளவாகத் தடுமாற வைத்ததில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது, அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதி இருக்கிறது. என்னை விழுத்திய சொல் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சின்னச் சொல். 'மைனர்'.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். இப்போது எங்கள் சமூகத்தில் நடக்கும் ஒரு பெரிய விவாதத்துக்குள்ளும் இது அடிக்கடி வந்து போகிறது. பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருத்தில் பேசுகிறார்கள். ஆகவே நான் விழுந்த இடத்தை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லின் கதைக்கு வருகிறேன்.

1980ஆம் ஆண்டு. வடமேல் மாகாணத்தில் ஒரு மாவட்ட நீதிமன்றம். சாட்சிக் கூட்டில் எங்கள் பெண் ஒருத்தி, வயது இருபத்திரண்டு. நிக்காஹ் முடிந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை வெளியே உம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கூட்டில் ஏறினாள். வழக்கு இதுதான்: அவளுடைய வாப்பா மௌத்தான பிறகு, தென்னங்காணியில் அவளுக்கு வரவேண்டிய பங்கைச் சாச்சா தன் பெயருக்கு உறுதி எழுதி வாங்கிவிட்டார். அவள் கையொப்பம் வைத்தது 1976இல், கல்யாணத்துக்கு முன்னர். அப்போது அவளுக்கு வயது 18. அன்றைய சட்டப்படி காணி கைமாற்ற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சாச்சாவின் பக்கத்து வாதமோ, "தான் பராயமடைந்தவள் என்று அவளே நொத்தாரிசிடம் சொன்னாள், நம்பித்தான் காசு கொடுத்தோம்" என்பது.

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஆங்கிலத்தில் கேட்டார்: "உறுதியில் கையொப்பம் வைக்கும்போது நீ ஒரு மைனரா?"

நான் யோசிக்கவில்லை. "அப்ப நீங்க சின்னப் புள்ளயா?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, சத்தம் வராத குரலில் சொன்னாள்: "இல்ல, நான் அப்ப பெரிய புள்ளதான்."

"நான் மைனர் அல்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். சட்டத்தரணி இலேசாகச் சிரித்தார்.

எங்கள் ஊர்களில் 'பெரிய புள்ள' என்றால் என்ன என்று வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவள் ஏன் தலையைக் குனிந்தாள் என்று அந்தக் கணத்தில் எனக்கும் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது, ஆனால் பிந்தி விளங்கியது. அது பிறகு.

சொல் பிறந்த இடம்

'மைனர்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் நேர்ப்பொருள் 'சின்னது' என்பதுகூட அல்ல. 'அதைவிடச் சின்னது' என்பதே. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும்போது வரும் சொல் அது. எதைவிடச் சின்னது என்று கேட்டால் ஓர் எண் பதிலாக வரும். உரோமச் சட்டத்தில் அந்த எண் 25. இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் என்று நீட்டிச் சொல்லும் தொடரின் தலைச்சொல்லாகத்தான் 'மைனர்' நின்றது. காலப்போக்கில் எண் கழன்றுபோய்ச் சொல் மட்டும் மிஞ்சியது.

உரோமர் ஏன் இருபத்தைந்து என்று வைத்தார்கள்? பூப்படைந்த ஆண்பிள்ளை அவர்களிடையே கல்யாணம் செய்யலாம், கொடுக்கல் வாங்கலும் செய்யலாம். ஆனால் வாப்பா இல்லாத, சொத்துள்ள இளைஞனைச் சுற்றி ஏய்க்கிறவர்கள் வந்துவிடுவார்கள். அப்படி ஏய்க்கப்பட்டவன் நீதிமன்றம் போய்த் தன் சொத்தை மீட்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த எல்லையைப் போட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் இந்தச் சொல் முதலில் நின்றது உடம்பை அளக்க அல்ல, ஏமாறக்கூடியவனைக் காக்க.

இங்கிலாந்துச் சட்டம் வேறு எண்ணைப் பிடித்தது. குதிரையேறிப் போர்ச்சேவை செய்யக் கடமைப்பட்ட நிலத்துக்கு வாரிசான ஆண் 21 வயதில் நிலத்தைப் பொறுப்பேற்றான். அந்த 21தான் மெல்ல மெல்ல எல்லாருக்கும் பொதுவாகிப்போனது. இன்னொரு வேடிக்கை, அங்கே இருபது வயது வாலிபனையும் சட்டம் நெடுங்காலம் 'இன்ஃபன்ட்' என்றே அழைத்தது. இன்று நாம் கைக்குழந்தைக்குச் சொல்லும் அதே சொல். அதன் இலத்தீன் வேர் 'பேசாதவர்' என்பது. தனக்காகத் தான் பேச முடியாதவர், வேறொருவர் பேச வேண்டியவர் என்பதே அந்தச் சட்டத்தின் எண்ணம். 1969ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் வயதெல்லையை 18 ஆக்கியது. இனி அவர்களை 'மைனர்' என்று அழைக்கலாம் என்றும் அதே சட்டம் சொன்னது.

எங்கள் நாட்டுக் கணக்கு

இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பராயமடையும் வயதை 21 என்று நிறுத்தியது. அதற்கு முன் இங்கு நடந்த உரோம-டச்சுச் சட்டத்தில் அது 25. 1865இல் வைத்த எண் 124 வருடம் அசையவில்லை. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அதை 18க்கு இறக்கியது.

இதற்கிடையில் 1959இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18க்கு இறங்கியது. ஆகவே முப்பது வருட காலம் இந்த நாட்டில் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை பாராளுமன்றத்துக்கு ஆளைத் தெரிவு செய்யலாம். தன் வாப்பாவின் காணியில் ஒரு பேர்ச்சைக்கூட விற்க முடியாது. நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு 1977 பொதுத் தேர்தலில் வாக்குரிமை இருந்தது. அதற்கு முந்திய வருடம் அவள் வைத்த கையொப்பமோ பராயமடையாதவரின் கையொப்பம்.

எல்லைகள் இன்னும் பல. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் 'சிறுவர்' என்றும், 14இலிருந்து 16 வரை உள்ளவரை 'இளம் ஆள்' என்றும் பிரித்தது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரையும் சிறுவர் என்கிறது. ஒரே பிள்ளை ஒரு சட்டத்தில் சிறுவர், இன்னொன்றில் இளம் ஆள், வேறொன்றில் பராயமடையாதவர். ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு காரியத்துக்காக வயது கேட்கிறது. ஆகவே எண்ணும் மாறுகிறது. "மைனர் என்றால் எத்தனை வயது?" என்று யாராவது கேட்டால், "எந்தக் காரியத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

வயதோடு ஒட்டாத மைனர்கள்

சொல் பிள்ளைகளோடு மட்டும் நிற்கவில்லை. வைத்தியசாலையில் 'மைனர் ஒப்பரேஷன்' என்றால் சிறிய சத்திரசிகிச்சை. பொலிஸ் அறிக்கையில் சிறு காயமும் 'மைனர்' காயம்தான். பல்கலைக்கழகத்தில் பிரதான பாடம் மேஜர், துணைப்பாடம் மைனர். ஆங்கிலேயரின் பழைய விடுதிப் பாடசாலைகளில் ஒரே குடும்பப் பெயருள்ள இரண்டு சகோதரர் படித்தால் மூத்தவனின் பெயருக்குப் பின்னால் மேஜர் என்றும் இளையவனின் பெயருக்குப் பின்னால் மைனர் என்றும் போடுவார்கள். எங்கள் ஊரில் பெரிய தம்பி, சின்னத் தம்பி என்கிறோமே, அதுபோல.

இலங்கையருக்கு மிகவும் பழக்கமான மைனர் நான்கு சில்லில் ஓடியது. மொரிஸ் மைனர் கார். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாதிரி இங்கே எத்தனை தலைமுறைக்கு உழைத்தது! என் மாமா ஒருவர் தன் மொரிஸ் மைனரைப் பார்த்து, "இவனுக்கு என்னைவிட வயசு, ஆனா இன்னும் மைனர்தான்" என்பார். ஒரு சொல்லின் இரண்டு பொருளைச் சேர்த்து முடிச்சுப் போட்ட அந்தப் பகிடி, சிறுவனாக இருந்த எனக்கு விளங்க வருடங்கள் எடுத்தது.

தமிழுக்குள் வந்த மைனர்

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இந்தச் சொல் வேறு வேடம் போட்டது. தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த எவருக்கும் 'மைனர்' என்றால் பட்டு ஜிப்பா, கழுத்தில் தடித்த சங்கிலி, வேலைவெட்டி இல்லாமல் ஊர்சுற்றும் பணக்கார வாலிபன்தான் கண்முன் வருவான். அந்தச் சங்கிலிக்கே 'மைனர் செயின்' என்று பெயர். அந்த மைனருக்கு முப்பது வயதும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம்.

பராயமடையாதவன் எப்படி உல்லாச புருஷன் ஆனான்? இதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு தெரிகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், சொத்தை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரச அமைப்பு பொறுப்பெடுக்கும். 1875ஆம் ஆண்டின் இந்தியப் பராயச் சட்டம் பொதுவாக 18 வயதை வைத்தாலும், இப்படி அரச பொறுப்பில் உள்ளவருக்கு 21 வரை நீட்டியது. ஊரார் பார்வையில் மீசை முளைத்த, குதிரை ஓட்டுகிற, கை நிறையச் செலவழிக்கிற பையன். காகிதத்தில் அவன் பெயரோடு 'மைனர்' என்று இருக்கும். சென்னையில் அப்படிப்பட்ட மைனர் ஜமீன்தார்களுக்கென்று நியூயிங்டன் என்ற பெயரில் தனிக் கல்வி நிலையமே நடந்தது. 1919இல் அதன் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர் சுட்டுக்கொல்லப்பட்டு, அங்கே படித்த இளம் ஜமீன் வாரிசுகள்மீது வந்த வழக்கு அந்நாளில் பெரும் பரபரப்பாக இருந்தது. சனங்கள் கண்ட 'மைனர்' இவர்கள்தான். அவர்கள் காதில் அது வயதைக் குறிக்கும் சொல்லாக விழவில்லை. பணத்தையும் திமிரையும் குறிக்கும் பட்டமாக விழுந்தது.

இன்னொரு பயன்பாட்டையும் கவனியுங்கள். இந்தியத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'மைனர் பெண் கடத்தல்', 'மைனர் சிறுமி திருமணம் நிறுத்தம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். ஆணோடு சேர்ந்தால் இந்தச் சொல் உல்லாசம். பெண்ணோடு சேர்ந்தால் பொலிஸ் செய்தி. ஒரே எழுத்துக்கள்தான்! 'மைனர் சிறுமி' என்பதில் கூறியது கூறலும் இருக்கிறது. சிறுமி என்றாலே போதும்.

நீதிமன்றத்தில் இதனால் நான் பட்ட பாடும் உண்டு. ஒரு மூத்தும்மாவிடம், "உங்கட பேரன் மைனர் எண்டபடியா நீங்கதான் அவருக்காகக் கையொப்பம் வைக்கோணும்" என்று சொன்னபோது அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட புள்ள அஞ்சு நேரம் தொழுறவன், அவனப் போய் மைனர் எண்டு செல்றீங்களா?" என்றா. அன்றைக்குச் சிரித்தோம். சிரிப்போடு முடிந்த பிழை அது. எல்லாப் பிழையும் அப்படி முடிவதில்லை.

'பெரிய' என்ற அளவுகோல்

தமிழில் வளர்ச்சியைச் சொல்லும் எங்கள் சொற்கள் பெரும்பாலும் உடம்பை வைத்துப் பிறந்தவை. பெரிய பிள்ளையாதல், பருவமடைதல், பூப்பெய்தல், ஆளாகுதல். இவற்றில் ஓர் எண்ணும் இல்லை. உடம்பு சொன்ன நாள்தான் நாள்.

இதில் மிக நுண்ணிய இடம் ஒன்றுண்டு. 'வயது வந்தவர்' என்றால் வாக்குப் போடக்கூடிய, ஒப்பந்தம் செய்யக்கூடிய ஆள். 'வயதுக்கு வந்தவள்' என்றால் பூப்படைந்த பெண்பிள்ளை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது 'க்கு' என்ற ஓர் உருபு மட்டும்தான். அந்த உருபை விட்டுவிட்டால் ஆறு வருடம் காணாமல் போகிறது.

அன்றைக்கு நான் செய்த பிழை இதுதான். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி எண்ணைப் பற்றியது: "21க்குக் குறைவா?" நான் கேட்ட கேள்வி உடம்பைப் பற்றியது. ஆயிரம் கண்களுக்கு முன்னால் ஒரு பிறத்தியான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத்தான் அவள் தலை குனிந்தாள். வெட்கத்தோடு உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மையை நான் பொய்யாக மாற்றி நீதிபதியிடம் கொடுத்தேன்.

மேலும் இரண்டு மூன்று கேள்விகள் போயின. எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் எழுந்து "என் மொழிபெயர்ப்புப் பிழை" என்று சொல்லும் துணிவு வரவில்லை. தொழிலுக்கு வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. தேநீர் இடைவேளை விட்டார்கள். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் உம்மா, குழந்தையைத் தோளில் போட்டபடி என்னிடம் வந்தா.

"தம்பி, என்ட புள்ள ஏதும் பிழையாச் சென்னாளா? அந்த அப்புக்காத்து ஏன் சிரிச்சார்?"

"அவ பிழை ஒண்டும் செல்லல்ல, பிழை நான் செஞ்சது" என்றேன். பிறகு கேட்டேன்: "நொத்தாரிசு அண்டைக்கு மகளிட்ட என்ன கேட்டார்?"

"அவரும் இதத்தானே கேட்டார். பெரிய புள்ளதானே எண்டு. ஓம் எண்டோம்."

வழக்கின் முழுக்கதையும் அந்த ஒரு பதிலில் இருந்தது. நான் கேட்ட அதே பிழையான கேள்வியை நான்கு வருடத்துக்கு முன்னர் இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்த 'ஓம்'தான் தென்னங்காணியின் பங்காகக் கைமாறியது. அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்பதை அல்லாஹ் அறிவான். நான் தெரியாமல்தான் கேட்டேன். ஆனால் விளைவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

நீதிமன்றம் மீண்டும் கூடியவுடன் எழுந்து நின்று, என் பிழையையும் அந்தத் தமிழ்ச் சொல்லின் பொருளையும் நீதிபதிக்கு விளக்கினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முந்திய பதிலின் பக்கத்தில் குறிப்பெழுதிவிட்டு, "இனி வயதை எண்ணில் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார். கேட்டேன். "பதினெட்டு" என்றாள். இம்முறை தலை நிமிர்ந்து சொன்னாள். வழக்கு சில மாதத்தில் சமாதானமாக முடிந்தது. பங்கு திரும்பி வந்தது.

எங்கள் பிக்ஹில் இரண்டு படிகள்

"இஸ்லாத்தில் பாலிகானால் எல்லாம் ஆயிற்று, பிறகென்ன மைனர்?" என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது, எங்கள் பிக்ஹ் இதைவிட நுட்பமானது என்பதே.

பிக்ஹில் ஸகீர் என்றால் சிறுவர், பாலிக் என்றால் பருவமடைந்தவர். தொழுகை, நோன்பு ஆகிய கடமைகள் புலூக் என்ற அந்தப் படியிலிருந்து தொடங்குகின்றன. உடம்பில் அடையாளம் தெரியாவிட்டால் ஷாஃபிஈ மத்ஹப் 15 சந்திர வருடங்களை எல்லையாக வைக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். ஆக உடம்பு பேசாத இடத்தில் எண்ணைத் தேடுவது எங்கள் இமாம்களுக்கும் பழக்கமானதே.

ஆனால் சொத்தை ஒப்படைக்க புலூக் மட்டும் போதாது. அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும் சூரத்துந் நிஸாவின் ஆறாவது வசனம் இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: அவர்கள் திருமணப் பருவத்தை அடைய வேண்டும், அதோடு அவர்களிடம் 'ருஷ்த்' இருப்பதையும் காண வேண்டும். ருஷ்த் என்றால் நல்லது கெட்டது அறிந்து தன் காரியத்தைத் தானே நடத்தும் பக்குவம். அதைச் சோதித்துப் பார்க்கும்படியும், அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று அவசர அவசரமாகச் சொத்தைத் தின்றுவிடக் கூடாது என்றும் அந்த வசனம் பொறுப்பாளர்களை எச்சரிக்கிறது. ருஷ்த் காணப்படாதவரின் சொத்தை எதுவரை நிறுத்தி வைப்பது என்பதில் இமாம் அபூ ஹனீஃபா சொன்ன எல்லை 25 வயது. உரோமர் பிடித்த அதே எண்! ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஏய்க்கப்படும் இளம் வாரிசு எல்லா ஊரிலும் இருந்தான் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சாச்சா பாவித்தது முதற்படியை மட்டும். இரண்டாம் படியை அவர் விட்டுவிட்டார். அவரை மார்க்கமும் காக்கவில்லை, சட்டமும் காக்கவில்லை.

கல்யாண வயது

இப்போது விவாதத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்சத் திருமண வயது என்று ஒன்றை வைக்கவில்லை. பன்னிரண்டு வயது நிறையாத பெண்ணின் விவாகத்தைப் பதியக் காதியாரின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொன்னது. அதைச் சொல்லி எங்களை மட்டும் பழிப்பவர்கள், நாட்டின் பொதுவான விவாகச் சட்டத்திலும் 1995 வரை பெண்ணுக்கு வயது 12ஆகவே இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் 1995இல் அவர்கள் 18க்குப் போனார்கள். நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைத்த குழு 2018இல் அறிக்கை வெளிவந்தபோது இரு பிரிவாக நின்றது.

இந்த விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாட்சிக் கூடு நினைவுக்கு வரும். ஒரு பக்கத்தார் 'மைனர்' என்று சொல்லும்போது 18 என்ற எண்ணைச் சொல்கிறார்கள். மறுபக்கத்தார் காதில் 'பருவமடையாதவள்' என்று விழுகிறது. "எங்கள் பெண்பிள்ளைகள் பருவமடைந்த பிறகுதானே கல்யாணம் முடிக்கிறார்கள், எங்கே மைனர்?" என்று அவர்கள் நேர்மையாகவே கேட்கிறார்கள். இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வழக்குப் பேசுகிறார்கள்.

என் கருத்தை ஒளிக்கத் தேவையில்லை. தென்னங்காணியின் ஒரு பங்கை ஒப்படைக்கவே ருஷ்த் பார்க்கச் சொன்ன மார்க்கம், ஒரு முழு வாழ்க்கையை ஒப்படைக்கும்போது அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கும் என்று என் மனது ஏற்கவில்லை. ஆலிம்கள் இதில் என்னைவிட அறிந்தவர்கள். அவர்களில் மாற்றுக் கருத்துள்ளவர்களையும் மதிக்கிறேன். நான் கேட்பது, 'பெரிய பிள்ளையா?' என்ற கேள்வியால் 'வயது எத்தனை? அவளுக்குச் சம்மதமா?' என்ற இரண்டு கேள்விகளை யாரும் மூடிவிடக் கூடாது என்பதை.

சொல்லின் மறுமுகம்

ஆங்கிலத்தில் மைனராக இருக்கும் நிலைக்கு 'மைனோரிட்டி' என்று பெயர். நாங்கள் 'சிறுபான்மை' என்று தமிழில் சொல்வதும் அதே சொல்தான். தமிழ் இரண்டையும் வேறு வேறு சொல்லாகப் பிரித்து வைத்தது நல்லது. ஏனென்றால் பராயமடையாமை ஒருநாள் தீர்ந்துபோகும். பிறந்தநாள் வந்தால் போதும். சிறுபான்மை அப்படித் தீராது, தீர வேண்டியதும் இல்லை. ஆனால் ஓர் ஆபத்து இரண்டுக்கும் பொது. "இவர்களுக்காக நாங்கள் பேசுகிறோம்" என்று யாராவது முன்னுக்கு வந்துவிடுவார்கள். அப்படிப் பேசுபவர் நல்லவராகவும் இருக்கலாம், அந்தச் சாச்சாவாகவும் இருக்கலாம், என்னைப் போல அவசரத்தில் பிழைவிடும் மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கலாம். எங்கள் சமூகத்துக்காகப் பிறர் பேசும்போது வரும் உறுத்தலை நாங்கள் அறிவோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக நாங்கள் பேசும்போதும் அந்த உறுத்தல் கொஞ்சம் இருக்கட்டும்.

எப்படிச் சொல்வது

மொழிபெயர்ப்பவர்கள், காதி நீதிமன்றங்களில் எழுதுபவர்கள், நொத்தாரிசுகளிடம் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

எழுதும்போது 'பராயமடையாதவர்' என்பது எங்கள் நாட்டுச் சட்டத் தமிழில் நிலைத்துவிட்ட சொல், அதை எழுதலாம். ஆனால் பேசும்போது அது பலருக்குப் பிடிபடாது. பராயம் என்பதையும் சிலர் பருவம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "பதினெட்டு வயது நிறையாதவர்." அதற்கு மேல் தெளிவான தமிழ் எனக்குத் தெரியாது. 'மைனர்' என்று தமிழெழுத்தில் எழுதுவதைத் தவிர்க்கலாம். அது சங்கிலி போட்ட ஆளையும் கூட்டிக்கொண்டு வரும். 'சின்னப் பிள்ளை', 'பெரிய பிள்ளை' என்பவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்துக்கும் பதிவுக்கும் அவை உதவாது. வயதைக் கேட்கும் இடத்தில் பிறந்த திகதியைக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்.

முக்கியமாக, பதில் சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வயதைக் கேட்டால் ஒருவரும் வெட்கப்படமாட்டார்கள். வெட்கப்பட்டால், நீங்கள் கேட்டது வயதை அல்ல.

1980க்குப் பிறகு நான் எந்தச் சாட்சியிடமும் 'சின்னப் பிள்ளையா' என்று கேட்டதில்லை. ஓய்வுபெறும் நாள்வரை எண்ணில்தான் கேட்டேன்.